மாலையின் குறுக்கே ஒரு கிழவி

நம் சரித்திரத் தொடர்கதைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு மாலைக் காட்சி உண்டு. அரசன் மஞ்சத்தில் சாய்ந்திருப்பான். மந்திரிகளும் தளபதிகளும் சுற்றி இருப்பார்கள். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். தூரத்தில் குதிரைக் குளம்பொலி கேட்கும். புழுதி படிந்த ஒற்றன் ஒருவன் உள்ளே வந்து அரசன் காதோடு ஏதோ சொல்வான். அரசன் முகம் மாறும், கை உயரும், மத்தளம் நிற்கும். அந்த வாரத்துக்கு அவ்வளவுதான். அடுத்த வாரம் அரசன் குதிரைமேல் இருப்பான். சினிமா இந்தக் காட்சியை அப்படியே வாங்கிக்கொண்டது.

இந்தக் காட்சி நமக்குள் ஒரு மனோபாவத்தை வளர்த்துவிட்டிருக்கிறது. தலைவனின் மேன்மை அவன் எழுந்திருக்கும் வேகத்தில் இருக்கிறது என்பது அது. வந்தவன் யார், அவனை உள்ளே விட்டது யார், அவன் சொன்னது மெய்யா, அவனுக்கு முன்னால் வந்து வாயிலோடு திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று தொடர்கதை கேட்பதில்லை. அதற்கு அவகாசமும் இல்லை. சரித்திரத்தில் கேட்கவேண்டிய கேள்விகள் இவைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்று மாலைகளை வைத்து இதைப் பார்க்கலாம். மூன்றில் ஒன்று காவியத்தில் நடந்தது. மற்ற இரண்டும் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நம் பக்கத்தில் நடந்தவை.

முதல் மாலை ஹைதர் அலியுடையது. வடமதுரையைச் சுற்றியுள்ள சமவெளிக்கு அவர் அந்நியர் அல்ல. 1755இல் மைசூர் அரசு அவரைத் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக அனுப்பியது. பாளையக்காரர்களை அடக்கி வரி வசூலிப்பது அவருக்கு இட்ட வேலை. அந்த வேலையினூடே தனக்கென்று ஒரு படையையும் பிரெஞ்சுக்காரர் உதவியோடு ஒரு பீரங்கிப் பிரிவையும் ஒரு பொக்கிஷத்தையும் அவர் சேர்த்துக்கொண்டார். பின்னால் மைசூரையே கையில் எடுத்துக்கொண்ட ஹைதர் உருவானது இந்தப் பாறைக்கோட்டையின் நிழலில்தான்.

திண்டுக்கல் காலத்து ஹைதரைப் பற்றி மார்க் வில்க்ஸ் என்ற ஆங்கிலேயச் சரித்திரக்காரர் ஒரு கதை சொல்கிறார். சண்டையில் காயம்பட்ட சிப்பாய்களுக்குக் குணமாகும்வரை அரசாங்கம் தனிப்படி கொடுத்தது. மெய்யாகக் காயம்பட்டவர்கள் 67 பேர். கணக்குப் பார்க்க ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து அதிகாரி வந்தபோது ஏறக்குறைய 700 பேர் கையிலும் காலிலும் மஞ்சள் தோய்த்த துணியைச் சுற்றிக்கொண்டு கிடந்தார்கள். வந்தவர் கட்டுகளை எண்ணிக்கொண்டு போனார், காயங்களை எண்ணவில்லை. அரண்மனைக்குப் போய்ச் சேரும் செய்தி வழியிலேயே எப்படித் தயாரிக்கப்படுகிறது என்பது ஹைதருக்குத் தெரியும். தயாரித்தவரே அவர்தான்.

அதே வித்தையை அவர்மேல் பிரயோகித்தவரும் ஒருவர் உண்டு. திண்டுக்கல் நாட்களில் ஹைதரின் கணக்கராக இருந்தவர் காண்டே ராவ். தலைநகரில் ஹைதரின் நலனைக் கவனித்துக்கொண்டவரும் அவரே. 1760 ஆகஸ்டில் ஒரு காலை, ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டைக்கு வெளியே முகாமிட்டிருந்த ஹைதர்மேல் கோட்டையிலிருந்தே குண்டு விழுந்தது. அவருடைய படையின் பெரும்பகுதி அப்போது தூரத்தில் இருந்தது. திகைத்துப்போன ஹைதர் முதலில் செய்த காரியம் காண்டே ராவைக் கூப்பிட்டனுப்பியது. காண்டே ராவ் கோட்டைமேல் நின்று பீரங்கிகளை ஏவிக்கொண்டிருந்தார். அன்றிரவு ஹைதர் குடும்பத்தையும் விட்டுவிட்டுப் பெங்களூருக்குத் தப்பினார். மிகவும் நம்பிய பணியாளன் வழியாக மட்டுமே உலகத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு நேரக்கூடியது இது. அவர் அதை மறக்கவில்லை என்றே பிற்கால நடவடிக்கைகள் சொல்கின்றன.

ஹைதரின் மாலைகள் எப்படிக் கழிந்தன என்பதை அவரிடம் பீரங்கிப் பிரிவில் இருந்த தெ லா தூர் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியிருக்கிறார். ஹைதர் இறந்த மறு ஆண்டு, 1783இல், பெயரின் முதலெழுத்துக்களை மட்டும் போட்டு அவர் வெளியிட்ட புத்தகம் அது. இரவு எட்டு மணி சுமாருக்குச் சபையில் ஆட்டமும் பாட்டும் நாடகமும் தொடங்கும். பதினொன்று வரை நடக்கும். வந்த விருந்தினர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஹைதருக்கு அதில் நாட்டமில்லை. ஆட்டம் நடக்கும்போதே மந்திரிகளோடும் தூதர்களோடும் பேசிக்கொண்டிருப்பார். ரகசியமானால் பக்கத்து அறைக்குப் போய்த் திரும்பி வருவார். எழுதப் படிக்கத் தெரியாதவர். கடிதங்கள் படித்துக் காட்டப்படும், பதில்கள் வாய்வழியாகப் பிறக்கும். பகலில் நடந்த ராஜ்ய காரியம் இரவில் சங்கீதத்தின் மறைவில் நடந்தது, அவ்வளவே. இப்படிப்பட்ட மாலையில் வேலை வந்து குறுக்கிட இடமில்லை. தொடர்கதை அரசனின் மாலையும் கடமையும் இரண்டு அறைகளில் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக அவனுக்கு ஒரு குதிரைக் குளம்பொலி வேண்டியிருந்தது.

ஆனால் ஒரு மாலை மெய்யாகவே குறுக்கிடப்பட்டது. 1767, ஆங்கிலேயரோடு முதல் மைசூர்ப் போர் மூண்ட ஆண்டு. ஹைதர் கோயம்புத்தூரில் இருந்தார். மாலையில் காற்று வாங்கப் பரிவாரத்தோடு வெளியே கிளம்பினார். வழியில் ஒரு கிழவி குறுக்கே விழுந்து நியாயம் கேட்டுக் கதறினாள். ஹைதர் பரிவாரத்தை நிறுத்தி அவளை அருகே அழைத்தார். அவளுக்கு இருந்தது ஒரே மகள். அவளை ஆகி முகம்மது கொண்டுபோய்விட்டான் என்றாள். ஆகி முகம்மது சாமான்யன் அல்ல. அறுபது வயது. 25 ஆண்டுகள் அரண்மனை வாயிலோர் தலைவனாக இருந்து, சேவைக்குப் பரிசாக ஜாகீரும் பெற்று ஓய்ந்தவன்.

ஹைதர் ஒரு கேள்வி கேட்டார். அவன் ஊரை விட்டுப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்றே, இத்தனை நாள் ஏன் வரவில்லை? கிழவி சொன்னாள்: மனு மேல் மனுவாக ஹைதர் ஷாவிடம் கொடுத்தேன், பதில் இல்லை. ஹைதர் ஷா அப்போதைய வாயிலோர் தலைவன். கழுத்தில் பதவிக்கு அடையாளமான தங்கப் பட்டயத்தோடு அந்தப் பரிவாரத்தின் முன்னாலேயே நடந்துகொண்டிருந்தான். அவன் முன்வந்து, இவளும் இவள் மகளும் நடத்தை கெட்டவர்கள் என்றான்.

ஹைதர் உலாவை அத்தோடு முடித்துக்கொண்டு அரண்மனைக்குத் திரும்பினார். கிழவியைப் பின்தொடரச் சொன்னார். ஹைதர் ஷா எல்லோருக்கும் வேண்டியவன். அவனுக்காகப் பேச ஒருவருக்கும் துணிவில்லை. கடைசியில் ஹைதரின் மகன் கேட்டுக்கொண்டதன்பேரில் ஐரோப்பியப் படைப்பிரிவின் தலைவர் பரிந்து பேசினார். ஹைதர் மறுத்தார். ஆளுகிறவனுக்கும் குடிகளுக்கும் நடுவிலுள்ள வழியை அடைப்பதைவிடப் பெரிய குற்றம் கிடையாது என்பது அவர் சொன்ன காரணம். அந்த வழி அடைபட்டால் குடிகள் கடைசியில் கலகம் செய்வார்கள், அதற்கு ஆளுகிறவனே பொறுப்பு என்றும் சொன்னார். ஹைதர் ஷாவுக்கு 200 கசையடி. அபிசீனியக் குதிரைப்படையின் அதிகாரி ஒருவர் கிழவியோடு உடனே ஆகி முகம்மதின் இருப்பிடத்துக்கு அனுப்பப்பட்டார். பெண் அங்கே இருந்தால் அவளைத் தாயிடம் ஒப்படைத்துவிட்டு அவன் தலையைக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் அவனை விசாரணைக்கு அழைத்துவர வேண்டும். பெண் அங்கே இருந்தாள். தலை வந்தது.

எழுதியவர் பாரபட்சமில்லாதவர் அல்ல. ஆங்கிலேயரைக் கண்டால் ஆகாத பிரெஞ்சுக்காரர். போருக்குக் கிளம்பிய ரோமப் பேரரசன் டிராஜனை வழிமறித்துத் தன் மகனின் கொலைக்கு நியாயம் கேட்ட விதவையின் கதை ஐரோப்பாவில் நெடுங்காலமாக வழங்கியது. தாந்தே தன் காவியத்தில் அதைச் சிற்பமாகச் செதுக்கி வைத்திருக்கிறார். கோயம்புத்தூர்ச் சம்பவத்தைச் சொல்லும்போது அந்த அச்சு தெ லா தூரின் மனதில் இருந்திருக்கலாம். இருந்தாலும் டிராஜன் கதையில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. அதுதான் அந்த ஒரு மாதம். விதவை டிராஜனை நேரே பார்த்துவிடுகிறாள். நடுவில் வாயிலோன் இல்லை. கோயம்புத்தூர்க் கிழவி தெருவில் விழுந்தது, அரண்மனை வாசலில் ஒரு மாதம் நின்று பார்த்த பிறகு. முன்னாள் தலைவன்மேல் வந்த மனுவை இந்நாள் தலைவன் அமுக்கி வைத்தான். ஒரு ஆபீசில் வேலை பார்த்த எவருக்கும் இது புரியும். இதைக் கதைக்காகக் கட்டியிருக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

இதுவரை சொன்னதை வைத்து ஹைதரை நீதிமான் ஆக்கிவிடலாம். பாடப்புத்தகங்களுக்கு அது சௌகரியம். நான் தயங்குவதற்குக் காரணம் அந்த உத்தரவின் அமைப்பு. இதே அமைப்பில் இன்னொரு உத்தரவு நம் இலக்கியத்தில் இருக்கிறது. அதுவும் ஒரு மாலையில் குறுக்கிட்டவன் பேச்சைக் கேட்டுப் பிறந்ததுதான்.

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நெடுஞ்செழியன் ஆடலும் பாடலும் பார்த்துக்கொண்டிருக்கிறான். கூத்தியர்மேல் அவன் கண் போனதைக் கண்ட கோப்பெருந்தேவி தலைவலி என்று சாக்குச் சொல்லி எழுந்து போகிறாள். ஊடல் தீர்க்க அவள் இருப்பிடத்தை நோக்கி அரசன் நடக்கிறான். வாயிலில் பொற்கொல்லன் விழுந்து வணங்குகிறான். அரசியின் சிலம்பைத் திருடியவன் என் குடிலில் இருக்கிறான் என்கிறான். அரசன் காவலரை அழைத்துச் சொல்கிறான்: சிலம்பு அவன் கையில் இருந்தால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவாருங்கள்.

இரண்டு உத்தரவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். பெண் அவன் வீட்டில் இருந்தால் தலை. சிலம்பு அவன் கையில் இருந்தால் உயிர். இரண்டிலும் குற்றம் சாட்டியவரே காவலரோடு வழிகாட்டப் போகிறார். இரண்டிலும் பொருள் அந்த இடத்தில் இருப்பதே சாட்சி, மேற்கொண்டு கேள்வியில்லை. இரண்டையும் பிறப்பித்தவர்கள் அந்த நிமிஷமே செய்தார்கள், நாளைக்கு என்று தள்ளிப்போடவில்லை. ஒன்றை நாம் நீதி என்கிறோம், மற்றதை ஒரு நகரம் எரியக் காரணமான அநீதி என்கிறோம். கிழவி சொன்னது மெய், பொற்கொல்லன் சொன்னது பொய். வேகத்தை மட்டும் வைத்துத் தலைவனை எடைபோடுகிறவர்களால் இந்த இரண்டு மாலைகளையும் பிரித்துச் சொல்ல முடியாது.

பிரித்துச் சொல்ல என்ன இருக்கிறது? இரண்டு விஷயங்கள். ஹைதரின் உத்தரவில் ஓர் 'இல்லாவிட்டால்' இருக்கிறது. பாண்டியன் உத்தரவில் இல்லை. அடுத்தது, ஹைதர் கிழவியிடம் கேட்ட கேள்வி. அந்தக் கேள்வி ஆகி முகம்மதுவைப் பற்றியது அல்ல, தன் சொந்த வாயிலைப் பற்றியது. இவள் இங்கே வந்து சேர ஏன் இத்தனை நாளாயிற்று என்று கேட்டார். பாண்டியனும் இதைத் தலைகீழாகக் கேட்டிருக்கலாம். இந்தப் பொற்கொல்லன் ராணியின் அந்தப்புர வாயில்வரை இவ்வளவு சுலபமாக எப்படி வந்தான் என்று கேட்டிருந்தால், சிலம்பு முதலில் யார் கையில் இருந்தது என்ற கேள்வியும் கூடவே வந்திருக்கும். அவன் மனம் முன்னால் போய்விட்டது, கால் மட்டும் வாயிலில் நின்றது. சொல்லக் கருதியது வேறு, ஊழ் வாயைத் திருப்பிவிட்டது என்று பழைய உரை சமாதானம் தேடுகிறது. பாதிக் காதால் கேட்டவன் முழு வாயால் உத்தரவிட்டான் என்பதற்கு மேல் எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை.

இளங்கோ இதை ஒற்றைக் குறுக்கீடாக விடவில்லை. கண்ணகி வரும்போதும் அரசன் அரசியோடுதான் இருக்கிறான். அவள் கண்ட கெட்ட கனவைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வாயிலோன் ஓடிவந்து ஒரு பயங்கரமான பெண் நிற்பதாகச் சொல்கிறான். இந்தத் தடவை அரசன் சிங்காதனத்தில் உட்கார்ந்திருக்கிறான், கேட்கிறான். நீ யார் என்கிறான். ஊர், பேர், கணவன் எல்லாம் வருகிறது. என் சிலம்பில் மாணிக்கம் என்கிறாள், எங்கள் சிலம்பில் முத்து என்கிறான் அரசன். சிலம்பைக் கொண்டுவரச் செய்து அவள் முன்னால் வைக்கிறான். உடைத்துப் பார்க்க எடுத்துக்கொண்ட நேரம் எவ்வளவு இருக்கும்? முந்தைய மாலையில் அந்த நேரம்தான் இல்லாமல் போயிற்று. அதே அரசன், அதே அரசி, அதே சிலம்பு. கேட்ட விதம் மாறியபோது நியாயம் கிடைத்தது, கோவலன் இல்லாத பிறகு. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்களுக்கு மாங்காட்டு மறையோன் சொன்ன மூன்று வழிகளில் வலப்பக்கத்து வழி, வடமதுரைக்குத் தெற்கே நிற்கிற நம் சிறுமலையைத் தொட்டுப் போகிறது. அவர்கள் நடு வழியில் போனார்கள். எந்த வழியில் போயிருந்தாலும் கடைசியில் அந்த வாயிலுக்குத்தான் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

மூன்றாவது, 1806 ஜூலை 9. வேலூர்க் கோட்டை. ஹைதரின் பேரப்பிள்ளைகள், அதாவது திப்புவின் மக்கள், அங்கே காவலில் இருந்தார்கள். திப்புவின் மகள் ஒருத்தியின் கல்யாணக் கொண்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. கோட்டைத் தளபதி கர்னல் ஃபான்கோர்ட். ஆற்காட்டுக் குதிரைப்படைத் தலைவர் கில்லெஸ்பி அன்று மாலை அவர் வீட்டில் விருந்துண்டு தங்குவதாக ஏற்பாடு. தபால் வேலை வந்து அவரை ஆற்காட்டிலேயே நிறுத்திவிட்டது. விடிவதற்கு முன் சிப்பாய்கள் எழுந்தார்கள். சத்தம் கேட்டு வீட்டை விட்டு வெளியே வந்த ஃபான்கோர்ட் சுடப்பட்டார். காலையில் வேலூருக்குச் சவாரி வந்துகொண்டிருந்த கில்லெஸ்பிக்கு வழியில் செய்தி கிடைத்தது. திரும்பிப் போய்ப் படையைத் திரட்டிக்கொண்டு வந்து கோட்டையைப் பிடித்தார். ஹென்றி நியூபோல்ட் பின்னால் அவர்மேல் ஒரு பாட்டுக் கட்டினார். குளம்பொலிக்கு அங்கேயும் ரசிகர்கள் இருந்தார்கள்.

பாட்டு ஒரு குறுக்கீட்டைக் கொண்டாடுகிறது. அதற்கு மூன்று வாரம் முன்னால் இன்னொரு குறுக்கீடு நடந்தது. ஜூனில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் மேலதிகாரியான கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய்ச் சதி நடக்கிறது என்று சொன்னான். ஃபோர்ப்ஸ் அதை விசாரிக்கும்படி படையின் இந்திய அதிகாரிகளிடமே ஒப்படைத்தார். சதியில் இருந்தவர்களும் அவர்களில் உண்டு. இவன் பேச்சு நம்பத்தக்கதல்ல, புத்தி சரியில்லாதவன் என்று அவர்கள் சொன்னார்கள். முஸ்தபா பேக் அடைத்து வைக்கப்பட்டான். கோயம்புத்தூரில் நடத்தை கெட்டவள், வேலூரில் பைத்தியம். வாயிலில் நிற்பவர்கள் கையில் இந்த இரண்டு சொற்களும் எப்போதும் தயாராக இருக்கின்றன. ஆனால் ஹைதர் ஷா அந்தச் சொல்லைச் சொன்னபோது ஹைதர் கிழவியைப் பார்க்காமல் சொன்னவனைப் பார்த்தார். ஃபோர்ப்ஸ் முஸ்தபாவைப் பார்த்தார்.

முஸ்தபாவுக்கும் முன்னால் வந்தவர்கள் உண்டு. புதிய தலைப்பாகை, நெற்றிக்குறி கூடாது, தாடியை இப்படித்தான் வைக்கவேண்டும் என்ற உத்தரவுகளை 1806 மே மாதத்திலேயே சிப்பாய்கள் எதிர்த்தார்கள். இரண்டு பேருக்குத் தலா 900 கசையடி விதிக்கப்பட்டது. கோயம்புத்தூரில் மனுவைத் தடுத்தவன் முதுகில் விழுந்த கசை, இங்கே மனுக் கொடுத்தவர்கள் முதுகில் விழுந்தது. வழியை அடைத்தால் கலகம் வரும் என்று ஹைதர் சொன்னதாக 1783இலேயே அச்சில் இருந்ததை, அவர் பேரப்பிள்ளைகளைக் காவல் காத்தவர்கள் படித்திருக்கவில்லை போலும். கோட்டை விழுந்த பிறகு அரண்மனைக்குள் ஒளிந்திருந்த நூறு பேர் அளவில் வெளியே இழுத்துவரப்பட்டு, சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். அதிலும் விசாரணை இல்லை, வேகம் இருந்தது. கவர்னர் பெண்டிங்கும் தளபதி கிராடக்கும் 1807இல் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

வாயிலோனைத் தாண்டுவதற்கு நம் மரபு ஒரு கருவியைக் கற்பனை செய்துவைத்தது: மணி. திருவாரூர் மனுநீதிச் சோழனின் மணி அரண்மனை வாயிலில் தொங்கியது. பசு வந்து அடித்தது. மகாவம்சம் எல்லாளனைப் பற்றிச் சொல்லும்போது மணியைக் கட்டிலின் தலைமாட்டில் கட்டுகிறது. நியாயம் வேண்டுகிறவன் வெளியே கயிற்றை இழுத்தால் தூங்குகிறவன் காதில் ஒலிக்கும். பகைவனாக இருந்தும் அந்த அரசனைச் சிங்களச் சரித்திரம் புகழ்வதற்கு இது ஒரு காரணம். இரண்டு மணிகளில் எனக்கு எல்லாளன் மணிதான் நம்பத்தக்கதாகப் படுகிறது. வாயிலில் தொங்கும் மணிக்கு ஒரு காவலன் இருப்பான். பசுவை விரட்டிவிட்டு உள்ளே போய், யாரும் வரவில்லை என்று சொல்ல அவனால் முடியும். இன்று கலெக்டர் ஆபீஸ்களில் திங்கட்கிழமைகளில் மனு வாங்குகிறார்கள். வாங்கிய மனு எந்த மேஜையில் ஒரு மாதம் படுத்திருக்கிறது என்பதுதான் ஹைதரின் கேள்வி. அதைக் கேட்பதற்கு வாள் வேண்டியதில்லை, குதிரையும் வேண்டியதில்லை.

கோயம்புத்தூர்ச் சம்பவத்தில் ஒரு குறையைச் சொல்லி முடிக்கலாம். தெ லா தூர் வாயிலோர் தலைவர்கள் இருவர் பெயரையும் எழுதியிருக்கிறார். ஒருவனின் வயதையும் சேவைக்காலத்தையும் எழுதியிருக்கிறார். மற்றவன் கழுத்தில் கிடந்த தங்கத்தையும் விடவில்லை. கிழவியின் பெயர் இல்லை, மகளின் பெயரும் இல்லை. திரும்பி வந்த பெண் அதற்குப் பிறகு எங்கே, எப்படி வாழ்ந்தாள் என்பதும் இல்லை. கண்ணகியிடம் பாண்டியன் நீ யார் என்று கேட்டான். கிழவியிடம் அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.